தொலைக்காட்சிப் பரிசின் யோக்கியதை

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஜனங்களுக்கு லாட்டரிச் சீட்டு என்றால் என்ன என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி எடுத்த கூலியையும், வெங்காயம் விற்ற காசையும் அதில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மறுநாள் காலையில் பத்திரிகையில் நம்பரைத் தேடிய குடும்பங்கள் இங்கே அனேகம். அந்தச் சீட்டு விற்பனையைத் தமிழ்நாடு அரசாங்கம் 2003-ம் வருஷம் ஜனவரியில் தடை செய்தது. அது நல்ல காரியம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் வாசலில் விரட்டப்பட்ட அதே சங்கதி நான்கே வருஷத்தில் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு, அறிவுப் போட்டி என்கின்ற பெயரோடு, தொலைக்காட்சிப் பெட்டி வழியாக வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்த கதையை அனேகர் மறந்துவிட்டார்கள். ஆதலால் அதைப்பற்றி எழுதுகின்றோம்.

இங்கிலாந்தில் 1998-ல் தொடங்கிய ஒரு கேள்வி-பதில் விளையாட்டைப் பார்த்து, 2000-ம் வருஷத்தில் இந்தியில் "கோன் பனேகா குரோர்பதி" என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தமிழிலும் "கோடீஸ்வரன்" என்று வந்தது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். அந்த இந்தி விளையாட்டின் மூன்றாவது வரிசையை ஸ்டார் பிளஸ் சேனலில் நடிகர் ஷாருக் கான் நடத்தினார். 2007 ஜனவரி 22 முதல் ஏப்ரல் 19 வரையில் நடந்த அந்த வரிசைக்குள்ளே "ஹர் சீட் ஹாட் சீட்", அதாவது எந்த நாற்காலியும் போட்டி நாற்காலியே, என்று ஒரு குட்டி விளையாட்டைப் புகுத்தினார்கள். மேடைக்குப் போக முடியாதவனும் வீட்டிலிருந்தபடியே ஜெயிக்கலாம் என்பது அதன் தத்துவம். திரையில் ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் காட்டுவார்கள். சரியான விடையைக் கைத்தொலைபேசியில் எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவரைக் குலுக்கி எடுத்து 2 லட்சம் ரூபாய் கொடுப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு மாத்திரம்!

"மாத்திரம்" என்கின்ற அந்த வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கின்றது.

இந்த மூன்று மாதத்தில் 52 நாள் விளையாட்டு நடந்தது. நாளைக்கு 2 லட்சம் வீதம் கொடுத்த பரிசு மொத்தம் 1 கோடியே 4 லட்சம். வந்து சேர்ந்த எஸ்.எம்.எஸ். சுமார் 5 கோடியே 80 லட்சம் என்று பின்னால் வழக்கில் சொல்லப்பட்டது. அதை 2 ரூபாய் 40 காசால் பெருக்கினால் 13 கோடியே 92 லட்சம் ஆகின்றது. சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஒரு ரூபாய் ஆகும் என்று தள்ளிக்கொடுத்துப் பார்த்தாலும், மேற்கொண்டு வாங்கிய 1 ரூபாய் 40 காசு மாத்திரமே 8 கோடியே 12 லட்சத்துக்கு வருகின்றது.

கோடிக் கணக்கு மனதில் நிற்காது. ஆகவே நம்மூர் அளவுகோலில் அளந்து பார்ப்போம். அந்த 2007-ம் வருஷத்து முற்பகுதியில் பெரம்பலூரும் அரியலூரும் ஒரே ஜில்லா; அரியலூர் தனியாகப் பிரிந்தது அவ்வருஷம் நவம்பரில்தான். 2001 ஜனக் கணக்குப்படி இரண்டும் சேர்ந்து ஜனத்தொகை 12 லட்சத்தைச் சமீபித்தது. மேற்படி விளையாட்டிற்கு ஒரு நாளைக்குச் சராசரி 11 லட்சம் எஸ்.எம்.எஸ். வந்திருக்கின்றது. அதாவது வேப்பந்தட்டை முதல் ஜெயங்கொண்டம் வரையிலுள்ள கிழவர், குழந்தை, தொட்டில் பிள்ளை உள்பட ஏறக்குறைய எல்லோரிடமும் ஆளுக்கு 2 ரூபாய் 40 காசு வசூலித்து, ஒரே ஒருவரைக் கூப்பிட்டு 2 லட்சத்தைக் கொடுத்துவிட்டு, மீதி 24 லட்சத்துக்கு மேற்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு போவது போல! இதை ஒருவன் செந்துறைச் சந்தையில் நேரில் செய்திருந்தால் ஊரார் அவனைச் சும்மா விட்டிருப்பார்களா? மறுநாளும் வந்து, அதற்கு மறுநாளும் வந்து, 52 நாள் செய்ய விட்டிருப்பார்களா?

இந்தி நிகழ்ச்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கோடி என்கின்ற வார்த்தைக்குப் பாஷை வேண்டியதில்லை என்பது ஒருபுறமிருக்கட்டும். வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கும் திட்டம் இங்கே 2006 செப்டம்பரில்தான் தொடங்கிற்று. பெட்டி வந்த பின்னாலே, நடுராத்திரியில் நடிகர் முகத்தைத் துண்டு துண்டாக்கிக் காட்டி, "யார் என்று சொல், ஆயிரக்கணக்கில் பரிசு" என்று போன் செய்யச் சொன்ன விளையாட்டுகள் தமிழ்ச் சேனல்களிலும் வந்தன அல்லவா? சூத்திரம் ஒன்றே.

நிற்க, இதை ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "சொசைட்டி ஆஃப் கேட்டலிஸ்ட்ஸ்" என்னும் சங்கத்தார் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஜனங்களிடம் வாங்கிய காசிலிருந்தே பரிசைக் கொடுத்துவிட்டு அதை இனாம் போலக் காட்டியது முறையற்ற வியாபாரம் என்று 2008 செப்டம்பரில் ஆணையம் தீர்ப்பளித்து, ஸ்டார் இந்தியாவும் ஏர்டெல்லும் சேர்ந்து 1 கோடி ரூபாய் தண்டத் தொகை கட்ட வேண்டும் என்றது. கம்பெனியார் மேல் முறையீடு செய்தார்கள். எஸ்.எம்.எஸ். வசூலிலிருந்துதான் பரிசுப் பணம் கொடுக்கப்பட்டது என்பதற்கு ருஜு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி இன்று அவர்கள் குற்றமற்றவர்கள். கோர்ட்டைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ருஜு இல்லாமல் தண்டிப்பதை நாமும் ஆதரிப்பவர்களல்ல. ஆனால் கம்பெனியின் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குக் காசு போயிற்று என்பது வக்கீல்களின் கவலை. அனுப்பியவனுடைய பையிலிருந்து போயிற்று என்பதற்கு ருஜு தேவையில்லை.

"இஷ்டப்பட்டுத்தானே அனுப்பினான், கழுத்தைப் பிடித்தா வாங்கினோம்?" என்று கேட்பார்கள். உண்டியல்காரரும் இதையேதான் சொல்லுகின்றார். இஷ்டம் என்றால் விஷயம் தெரிந்த இஷ்டமாக இருக்க வேண்டாமா? அனுப்பும்போது அவனுக்குத் தெரிந்தது பரிசுத் தொகையும் கட்டணமும்தான். தன்னோடு இன்னும் 11 லட்சம் எஸ்.எம்.எஸ். போகின்றது என்பது தெரியாது. அன்று டீக்கடையில் ஒரு டீக்குக் கொடுத்த காசை ஒட்டியது இந்த 2 ரூபாய் 40 காசு. டீக்காவது டீ வரும்!

இதில் நமக்கு அதிக வருத்தம் தருவது காசு கூட அல்ல. அறிவின் பெயரால் இது நடந்ததுதான். சரியான விடை தெரிந்தவனுக்குக் கிடைத்தது என்ன? குலுக்கலில் ஒரு சீட்டு. விடைக்காகப் புஸ்தகத்தைப் புரட்டியவனும், பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டு அனுப்பியவனும் கடைசியில் ஒரே டப்பாவில் விழுந்தார்கள். அப்புறம் ஜெயித்தவனுக்கு அதிர்ஷ்டம், கிரக பலன், குலதெய்வத்தின் அருள் என்று பேச்சு. வேண்டுதல் பலித்த ஒருவன் ஊரெல்லாம் சொல்லுவான், பலிக்காத ஆயிரம் பேர் வாயை மூடிக்கொள்ளுவார்கள் என்று கோவில் விஷயத்தில் நாம் எத்தனையோ தரம் எழுதியிருக்கின்றோம். பேர் சொல்லும்படியானவன் ஜெயித்த ஒருவன்தான். மற்ற 11 லட்சமும் பெயரில்லாத எண்ணிக்கை.

இத்தகைய விளையாட்டுகளை எல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று கூட நாம் இப்போது கேட்கவில்லை. பொழுது போக்குவதற்காகத் தன் காசை அறிந்து செலவழிக்க எவனுக்கும் பாத்தியதை உண்டு. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் நடத்துகின்ற எந்தச் சேனலும், பரிசுத் தொகையை எத்தனை பெரிய எழுத்தில் காட்டுகின்றதோ அத்தனை பெரிய எழுத்தில், நேற்று எத்தனை பேர் அனுப்பினார்கள், எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு கொடுத்தோம் என்கின்ற மூன்று எண்களையும் அடுத்த கேள்விக்கு முன்னால் திரையில் காட்ட வேண்டுமென்று சர்க்கார் உத்தரவு போடட்டும். அதுவரையில் பெரம்பலூர், அரியலூர்த் தோழர்கள் தங்கள் ஊர்ப் படிப்பகத்துக் கரும்பலகையில் மேலே கண்ட பெருக்கலை எழுதி வைக்கலாம். சாக்கட்டி ஒன்று போதும்.