கூத்து வாத்தியாருக்கு நாற்காலி எங்கே?

ராசிபுரம் வட்டாரத்தில் அறுவடை முடிந்து, வெயில் ஏறி, ஊரில் நோம்பி சாட்டினால்தான் கூத்து ஜமாவுக்கு வேலை. மழை இறங்கிவிட்டால் கிரீடம் பெட்டிக்குள் போய்விடும். துரியோதனனாகக் கர்ஜித்தவர் மரவள்ளிக் காட்டில் களை வெட்டப் போவார். தறிக்கூடத்துக்கும் ஜவ்வரிசி மில்லுக்கும் போவார். இந்த வெப்ப மண்டலத்துக் கலைக்கு நாள் குறிப்பவை மழையும் கூலியும்தான்.

இந்தக் கலையை ஆராயப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தஞ்சையில் 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது. அங்கே நாடகம், இசை, சிற்பம், நாட்டுப்புறவியல் எல்லாவற்றுக்கும் துறைகள் உண்டு. 1997-ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. நாமக்கல் மாவட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. இவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உழைப்பாளி மக்களின் வரிப்பணத்தில் எழுந்த கட்டடங்கள் இவை. ஆகவேதான் கணக்குக் கேட்கிறோம்: மக்கள் கலையை ஆராயும் கூடத்தில், அந்தக் கலையைச் செய்கிறவருக்கு என்ன இடம்?

ஆராய்ச்சியாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்கு வருகிறார். நடவு நடும் அம்மாள் பாடுகிறார். பாட்டு ஏட்டில் ஏறுகிறது, ஏடு பட்டமாகிறது, பட்டம் உத்தியோகமாகிறது. பாடிய அம்மாளின் பெயரோ, கடைசிப் பக்கத்தில் ‘தகவலாளர்’ பட்டியலில் ஒரு வரி! மறுநாளும் அவர் அதே கூலிக்கு அதே சேற்றில் இறங்குகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதிமுறைகளைப் பாருங்கள். மரபுக் கலைஞரை உதவிப் பேராசிரியராக நியமிக்க அதில் வழி வைத்தார்கள். ஆனால் அவருக்கும் இளங்கலைப் பட்டம் வேண்டுமாம்! பத்து வயதில் பண்ணை மாடு மேய்க்கப் போனவர், பாரதக் கதை முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர், பட்டத்துக்கு எங்கே போவார்? அன்று அவருக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்தார்கள். இன்று பள்ளிக்கூடம் போகவில்லையென்று கதவை அடைக்கிறார்கள்.

“கலை அழிகிறது, அதற்குள் பதிவு செய்து காப்பாற்றுகிறோம்” என்கிறார்கள் கனவான்கள். ஏன் அழிகிறது? மின்சார மோட்டார் வந்ததும், இறைத்த சாலை எண்ணிப் பாடிய ஏற்றப்பாட்டு ஓய்ந்தது. முதுகை முறித்த அந்த வேலை போனதற்கு நாம் அழமாட்டோம். ஆனால் கூத்தின் கதை வேறு. ஜனங்கள் இன்றும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆடுகிறவர் வயிறு நிரம்பாததால் அவர் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். பசியை அப்படியே விட்டுவிட்டுப் படம் பிடித்தால் கலை பிழைக்குமா?

வேறு வழியைக் காட்டியவர் தோழர் நா. வானமாமலை. பல்கலைக்கழக நாற்காலிக்குக் காத்திராமல் 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். 1969-ல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். உழைப்பவர் பாட்டுக்குள் இருக்கும் வறுமையையும் சாதிக் கொடுமையையும் எதிர்ப்பையும் எடுத்துக்காட்டினார்.

நம்மைப் போலவே வெயில் காயும் கென்யாவில், 1977-ல், நைரோபிப் பல்கலைக்கழக ஆசிரியர் கூகி வா தியாங்கோ காமிரீத்து கிராமத்து விவசாயிகளோடும் தொழிலாளர்களோடும் சேர்ந்து, அவர்களுடைய கிகூயூ மொழியில் நாடகம் போட்டார். ஜனங்களே அரங்கு கட்டினார்கள், ஜனங்களே நடித்தார்கள். நிலம் பறிபோன கதை அது. சர்க்கார் நாடகத்தைத் தடுத்தது; அவ்வாண்டு முடிவில் கூகியைச் சிறையில் போட்டது; 1982-ல் அரங்கையே இடித்தது. உழைப்பவன் தன் கதையைத் தானே மேடையேற்றினால் ஆளும் வர்க்கம் எப்படி நடுங்குகிறது, பார்த்தீர்களா!

நமது கோரிக்கைகள் மூன்று. பட்ட நிபந்தனையை நீக்கி, கூத்து வாத்தியார்களைப் பேராசிரியருக்குரிய சம்பளத்தில் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். கூத்தில்லாத மழை மாதங்களில் ஜமாக்களுக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து, மாணவர்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும். பதிவு செய்த பாட்டும் கூத்தும், பாடியவர் பெயரோடு அந்தந்த ஊர் நூலகத்துக்குத் திரும்ப வேண்டும்; விற்பனையானால் அவருக்குப் பங்கு வேண்டும்.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் உங்கள் சங்கக் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். துணைவேந்தர்களுக்கு அனுப்புங்கள். மேடையில் ஆடுகிறவரும் நம் சங்கத்து ஆள்தான்; அவருக்காக நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்?