எந்த மிதிவண்டி வாங்குவது?

பள்ளிப் பருவத்தோடு மிதிவண்டியைக் கைவிட்டவர்கள் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் உரிமம் கையில் கிடைத்ததும் அந்த வண்டி வீட்டின் பின்புறம் போய்விடுகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, கூடிவிட்ட உடல் எடையோ பெட்ரோல் செலவோ சாலை நெரிசலோ அதை மீண்டும் நினைவூட்டுகிறது. "இனி வேலைக்கு மிதிவண்டியிலேயே போகலாம்" என்று முடிவெடுத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே முன்வரிசையில் பளபளவென்று நிற்பவை பெரும்பாலும் பந்தய மிதிவண்டிகளும் மலைப்பாதை மிதிவண்டிகளும்தாம். ஜெலுத்தோங்கில் குடியிருந்து ஜார்ஜ்டவுனில் வேலை செய்யும் ஒருவருக்கு இவ்விரண்டுமே பொருந்தா என்பது என் கருத்து.

முதலில் தூரத்தைப் பாருங்கள். ஜெலுத்தோங்கிலிருந்து கொம்தாருக்குச் சில கிலோமீட்டர்தான். வழியில் மேடுகளும் இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 5 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடந்துவிடலாம். மூச்சு வாங்க 25 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தால் 12 நிமிடம். கணக்குப்படி 8 நிமிடம் மிச்சம். ஆனால், சாலை விளக்குகளில் நிற்கும்போது அதில் பாதி போய்விடும். மீதி நேரம் அலுவலகத்தில் வியர்வையைத் துடைப்பதில் கழியும். பினாங்கின் வெயிலில் வேகத்திற்குக் கொடுக்கும் விலை சட்டையில் தெரியும்.

நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் பின்னர்த் தோக்கியோவில் வெள்ளியும் வென்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அவர் ஓடுதளத்தில் ஓட்டிய வண்டியில் பிரேக்கே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பந்தயத்திற்கு அது சரி. ஜாலான் ஜெலுத்தோங்கில் காலை ஏழரை மணிக்கு அதை ஓட்டிப் போக முடியுமா? கடைகளில் விற்கும் பந்தய வண்டிகளில் பிரேக் உண்டுதான். ஆயினும், உடலை முன்னே வளைத்து உட்கார வேண்டும். பின்னால் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்ப்பது கடினம். 25 மில்லிமீட்டர் அகலமே உள்ள டயர், சாலையோரக் கால்வாய் மூடியின் இடைவெளியில் சிக்கினால் ஓட்டுநர் விழுவார். மலைப்பாதை வண்டியின் டயர் தடிமனானதுதான். ஆனால், அதன் முரட்டுப் பற்கள் தார்ச்சாலையில் இழுவையைக் கூட்டும். முன்சக்கரத்தின் அதிர்வுதாங்கியும் வண்டியின் எடையை ஏற்றும்.

அன்றாடப் பயணத்திற்கு ஏற்றது, நிமிர்ந்து உட்காரக்கூடிய சாதாரண நகர மிதிவண்டி. 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள வழுவழுப்பான டயர், இரு சக்கரங்களுக்கும் மட்கார்டு, சங்கிலிக்கு மூடி, பின்னால் கேரியர் அல்லது முன்னால் கூடை, முன்னும் பின்னும் விளக்கு ஆகியவை அதில் இருக்க வேண்டும். மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் அதிகமுள்ள நெதர்லாந்தில் மக்கள் வேலைக்கு ஓட்டிச் செல்பவை பெரும்பாலும் இத்தகைய வண்டிகளே. நம் தாத்தாக்கள் காலத்தில் பால்காரரும் ரொட்டிக்காரரும் ஓட்டியதும் இதன் மூத்த உறவுதான். 2016-ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய 'லிங்க் பைக்' பகிர்வுத் திட்டத்திலும், நிமிர்ந்து ஓட்டும் கூடை வைத்த வண்டிகளையே தெருவுக்குக் கொண்டு வந்தார்கள்.

இங்கே ஒரு தயக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நடுவில் குறுக்குக்கம்பி இல்லாத தாழ்ந்த சட்டமுள்ள வண்டியைக் காட்டினால், "அது பெண்கள் ஓட்டுவது" என்று ஆண்கள் பலர் ஒதுங்குகிறார்கள். இது வீண் வீம்பு. நாற்பத்தைந்து வயதில், கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு, சாலை விளக்கருகே ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கி வீசி ஏறி இறங்குவது எளிதன்று. மிதிவண்டி ஓட்டும் சமநிலையை உடல் மறப்பதில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால், சிறுவயதில் நாம் ஓட்டியது வீட்டருகே இருந்த சந்தில். இப்போது ஓட்டப்போவது பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில். பதற்றம் வரும். அப்போது சட்டென்று காலைத் தரையில் ஊன்ற வழிவிடும் வண்டிதான் நல்ல வண்டி.

ஜெலுத்தோங்வாசிகளுக்கு இன்னும் இரண்டு கவலைகள் உண்டு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். எனவே, அலுமினியச் சட்டம் நல்லது. சங்கிலியை அடிக்கடி துடைத்து எண்ணெய் இட வேண்டும். அடுத்தது, அடுக்குமாடி வீடு. 16 கிலோகிராம் வண்டியை மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்கிச் செல்ல யாரால் முடியும்? மின்தூக்கி இல்லாதவர்களுக்கும், கீழே நிறுத்தினால் திருடுபோகுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் 20 அங்குலச் சக்கரமுள்ள மடிப்பு மிதிவண்டியே தீர்வு. குழிகளில் அது கொஞ்சம் அதிகமாகக் குலுங்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

மழைக்கு வட்டு பிரேக் நல்லது. நனைந்த சக்கர விளிம்பை ரப்பர் கட்டையால் பிடிக்கும் பழைய பிரேக், நாம் நினைத்த இடத்தில் நிற்காது. கியர் மூன்று போதும், இருபத்தொன்று வேண்டியதில்லை.

"வண்டியில் என்ன இருக்கிறது, சாலைதானே ஆபத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் பறக்கும் வாகனங்களோடு கலந்து ஓட்டும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாநகர் மன்றம் மிதிவண்டித் தடங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். பாதியில் முடியும் தடத்தால் யாருக்கும் பயனில்லை. ஆனால், ஓட்டுபவர்கள் கூடினால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும். பெருநிலத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பினாங்குப் பாலத்தில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. 2023-இல் சேவைக்கு வந்த புதிய படகுகளோ மகிழுந்துகளை விட்டுவிட்டு மிதிவண்டிகளை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் செல்கின்றன.

உங்கள் அப்பாவோ அம்மாவோ மிதிவண்டி வாங்கப் போனால் நீங்களும் உடன் செல்லுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட விடாதீர்கள். தலைக்கவசம், விளக்கு, உறுதியான பூட்டு ஆகியவற்றுக்கு ஒரு பங்கு வேண்டும். பணம் குறைவென்றால், ஜப்பானிலிருந்து வரும் பழைய கூடை மிதிவண்டிகளையும் பார்க்கலாம். ஆனால், பிரேக்கையும் டயரின் வெடிப்புகளையும் நன்றாகச் சோதியுங்கள். இருக்கையில் உட்கார்ந்து மிதியைக் கீழே தள்ளும்போது முழங்கால் இலேசாக வளைந்திருக்க வேண்டும். முழுதாக மடங்கியிருந்தால் ஒரே வாரத்தில் முட்டி வலிக்கும். கடைவாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். வேலையிடத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.