துருப்பிடித்த பிரஷர் டேங்க்: வெல்டிங் வெச்சா போதுமா, மாத்தியே ஆகணுமா? 4 உயிர்களைப் பறித்த விபத்து சொல்வது என்ன?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள லாய்-லாங்கே அட்டைப்பெட்டி தொழிற்சாலை. 2017 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. நீராவி அமைப்பில் இருந்த ஒரு டேங்கின் அடியில் கசிவு தெரிந்தது. ரிப்பேர் ஆட்கள் வர திங்கட்கிழமை ஆகும் என்ற நிலை. ஆனாலும் டேங்க் ஓய்வு எடுக்கவில்லை.

ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலை அந்த டேங்க் வெடித்தது. சுமார் 1 டன் எடை கொண்ட அது, கூரையைப் பிளந்து ராக்கெட் போல மேலே பறந்து, பக்கத்து நிறுவனத்தின் கூரை மேல் விழுந்தது. தொழிற்சாலையில் ஒருவர், பக்கத்து நிறுவனத்தில் 3 பேர் என மொத்தம் 4 பேர் உயிரிழந்தனர். அந்த 3 பேரும் அன்றுதான் புதிதாக வேலைக்குச் சேர வந்தவர்கள்.

எங்கே தவறு நடந்தது?

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரியவந்தது இதுதான். 2012லேயே அதே டேங்கின் அடிப்பகுதி துருப்பிடித்து கசிந்திருக்கிறது. அப்போது நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புது தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்த பழைய, மெலிந்துபோன வளையம் அப்படியே விடப்பட்டது. 5 வருடம் கழித்து உடைந்தது அந்த வளையம்தான்!

கசிவுன்னா சின்ன விஷயம்தானே?

இல்லை. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடானாலும் தண்ணீராகவே இருக்கும். தகடு கிழிந்து அழுத்தம் சட்டென்று குறைந்தால், அதில் ஒரு பகுதி நொடியில் நீராவியாக மாறும். நீராவிக்குத் தேவைப்படும் இடம் தண்ணீரைவிட 1,600 மடங்குக்கும் அதிகம். அந்த வேகம்தான் டேங்கைத் தூக்கி எறிகிறது. கசிவு என்பது, தகடு தாங்கும் சக்தியை இழந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை.

ரிப்பேரா, புதுசா? எப்படி முடிவெடுக்கிறார்கள்?

முதலில் அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனைப் பல இடங்களில் அளப்பார்கள். உதாரணமாக, புதிதாக இருந்தபோது 12 மி.மீ., 10 வருடம் கழித்து இப்போது 9.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 0.25 மி.மீ. தேய்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க குறைந்தது 8 மி.மீ. வேண்டும் என்றால், மிச்சம் இருப்பது 1.5 மி.மீ. அதாவது 6 வருட ஆயுள். சர்வதேச அளவில் பின்பற்றப்படும் விதிப்படி, மிச்ச ஆயுளில் பாதிக்குள், அதாவது 3 வருடத்துக்குள் அடுத்த ஆய்வு நடக்க வேண்டும்.

* ரிப்பேர் போதும்: துரு ஒரு சில இடங்களில் மட்டும் குழி குழியாக இருந்து, சுற்றிலும் தகடு நன்றாக இருந்தால். வெல்டிங் வைக்கும் ஓரமும் நல்ல தகடாக இருக்கணும். அதன்பின் சோதனை கட்டாயம்.
* மாத்தணும்: தகடு முழுவதும் மெலிந்திருந்தால், விரிசல்கள் பரவியிருந்தால், அல்லது அதே இடம் திரும்பத் திரும்ப கசிந்தால்.
* இடைக்கால வழி: இருக்கும் தடிமனைக் கணக்கிட்டு, அழுத்தத்தைக் குறைத்து இயக்கலாம். ஆனால் இதைத் தகுதியான இன்ஜினியர்தான் முடிவு செய்யணும்.

எது செய்தாலும் துரு ஏன் வந்தது என்று பார்க்காவிட்டால் பயனில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நீக்காமல் விட்டால், புது டேங்கும் அதே கதிக்கு வரும்.

இந்தியாவில் விதி என்ன?

1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் புதிய சட்டம் வந்துள்ளது. சான்றிதழ் இல்லாமல் பாய்லரை இயக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் அதன் அமைப்பை மாற்றக் கூடாது என்பது இதிலும் தொடர்கிறது. மற்ற பிரஷர் டேங்குகளுக்கு, பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த ஃபேக்டரிஸ் சட்டத்தின் 31ஆவது பிரிவு.

தொழிலாளர்கள் என்ன கேட்கலாம்?

கடைசியாக எப்போது தடிமன் அளந்தார்கள்? குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கணும்? பேட்ச் வைத்த ஓரத்தையும் அளந்தார்களா? இந்த 3 கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்கணும். கசிவு தெரிந்தால் முதல் வேலை, டேங்கை நிறுத்தி அழுத்தத்தை இறக்குவது. ரிப்பேரா, புதுசா என்ற பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான்.