டி.எல்.எல். பைலைத் தனியே தேடாதீர்கள்

புதிய புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்து இயக்கினால், எம்.எஸ்.வி.சி.பி.140.டி.எல்.எல். பைல் இல்லை என்று எர்ரர் செய்தி வரும். உடனே பலரும் ஏதோ ஓர் இணைய தளத்திலிருந்து அந்த ஒரு பைலை மட்டும் டவுன்லோட் செய்து, சிஸ்டம்32 போல்டரில் காப்பி செய்கிறார்கள். இது ஆபத்தான வைத்தியம் என்பதே என் கருத்து.

டி.எல்.எல். என்பது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரி பைல். ஒன்றுக்காக அதை மாற்றினால் இன்னொன்று முடங்கலாம். விண்டோஸ் 98 காலத்தில் இது தீராத தலைவலியாக இருந்தது. மேலும், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 போல்டரில் இருப்பவை 64 பிட் பைல்கள். 32 பிட் பைல்களின் இடம் சிஸ்வாவ்64. பெயரை நம்பி மாற்றிப் போட்டால் புரோகிராம் இயங்காது. வந்த பைலில் வைரஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த பைல் மைக்ரோசாப்ட் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பில் உள்ளது. மைக்ரோசாப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்86, எக்ஸ்64 என்ற இரண்டையும் இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்ஸ்டால் ஆன புரோகிராம்களின் பட்டியலில் விஷுவல் சி++ 2010, 2013 எனப் பல வரிகள் தெரியும். ஒன்றே பலமுறை வந்துவிட்டது என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள். 2010 தொகுப்பு தேவைப்படும் புரோகிராமுக்கு 2013 உதவாது. டிஸ்க்கில் சில எம்பி இடம் போனால் போகட்டும். புரோகிராம்கள் ஒழுங்காக ஓடட்டும்.