பேழை வந்தது, மின் வரவில்லை!

பிரித்தானிய நாட்டின் தெருமுனைகளில், 2010-ஆம் ஆண்டு தொட்டுப் பச்சை வண்ணப் பேழைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. பழைய தொலைபேசிப் பேழைக்கு அருகிலேயே அதனினும் பருத்த புதுப்பேழை. இனி இணையம் மின்னலெனப் பாயும் என்று அமைச்சர்கள் பறைசாற்றினர், குழுமத்தாரும் பறைசாற்றினர். தெருவிலிருந்தோர் நம்பினர். ஆனால் நடந்தது என்ன? தெருக்கள் பலவற்றில் பேழை நின்றது. திங்கள் பல கழிந்தன. உள்ளே ஒரு சிறு விளக்குங்கூட எரியவில்லை. கற்காரை மேடை உண்டு; கண்ணாடியிழை உண்டு; கருவி உண்டு. மின்னிணைப்பு மட்டும் இல்லை!

அகலக்கற்றை தருவதற்கென்றே வைத்த பேழைக்கு மின் வேண்டும் என்பது வைத்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பழைய செம்புக் கம்பிப் பேழைக்குத்தான் மின் வேண்டுவதில்லை. அது கம்பிகள் கூடும் வெறுங்கூடு. தொலைபேசி இணைப்பகத்திலிருந்து 50 வோல்ட்டு அளவிலான மின்னோட்டம் அதே கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துவிடும். புதிய பேழை அவ்வகையினதன்று. இணைப்பகத்திலிருந்து கண்ணாடியிழை வழி வரும் ஒளியை மின்குறியாக மாற்றி, எஞ்சிய தொலைவுக்குச் செம்புக் கம்பியில் ஏற்றி அனுப்பும் பொறி அதனுள் இருக்கின்றது. அப்பொறிக்கு இடையறாத மின்னாற்றல் வேண்டும். மின் நின்றால் சில மணிநேரம் தாங்குதற்கு மின்கலமும் உண்டு. ஆனால் மின்னே வந்து சேராத பேழைக்கு மின்கலம் எதற்கு?

தெருவடியில் மின்வடம் ஓடுகின்றது. பக்கத்து வீட்டில் விளக்கெரிகின்றது. தெரு விளக்கும் எரிகின்றது. நான்கு அடி தள்ளி நிற்கும் பேழை மட்டும் இருளில் கிடக்கின்றது. இந்த நான்கடியைக் கடக்க எத்தனை வாயில்களில் தட்டவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்! பேழையை வைப்பது ஓப்பன்ரீச் எனுங் குழுமம். மின்வடம் அப்பகுதியின் மின்பகிர்வுக் குழுமத்திற்கு உரியது. பேழைக்காரர் வேண்டுகை தரவேண்டும், மின்காரர் விலைகூற வேண்டும், பணங் கட்டவேண்டும், பிறகு மின்காரர் தெருவைத் தோண்டுதற்கு உள்ளாட்சி மன்றத்தின் இசைவு பெறவேண்டும். மின்வடம் தெருவின் எதிர்ப்புறத்தில் கிடந்தாலோ சாலையையே மறிக்க வேண்டும். போக்குவரத்து விளக்கு வைக்க வேண்டும். இடையில் தனியார் நிலம் குறுக்கிட்டால் அவரிடமும் இசைவு வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்தச் சுற்று மீண்டும் தொடங்குகின்றது.

தோண்டும் தொழிலாளியை இங்குக் குறை சொல்வதற்கில்லை. உயிருள்ள மின்வடத்தில் இணைப்புப் போடுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதற்குப் பயின்ற கைகளே வேண்டும். அதனை விரைந்து முடி என்று விரட்டுவது அறிவன்று. குற்றம் வேறிடத்தில் இருக்கின்றது. பேழை இன்ன இடத்தில் நிற்கப் போகின்றது என்று வரைபடத்தில் புள்ளி வைத்த நாளிலேயே மின்னும் அங்கு வேண்டும் என்பது முடிவாகிவிட்டதன்றோ? அன்றைக்கே மின்னுக்கு நாள் குறித்துக்கொண்டு, அதன்பின் பேழையை இறக்கினால் என்ன? பேழை கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், பணி நடக்கின்றதென்று காட்டலாம். மண்ணுக்கடியில் கிடக்கும் வடத்தைப் படம் எடுத்துக் காட்ட முடியாதே!

இக்கேட்டின் வேர் பழையது. அஞ்சலும் தொலைபேசியும் ஒருகாலத்தில் அந்நாட்டரசின் துறையாகவே இருந்தன. 1969-இல் அவை அரசுக் கழகமாயின. 1984-இல் தொலைத்தொடர்பு பங்குகளாகச் சந்தைக்கு வந்தது. 1948-இல் நாட்டுடைமையான மின்பகிர்வோ 1990-இல் பல குழுமங்களாக விற்கப்பட்டது. அரசுடைமைக் காலம் பொற்காலம் என்று எவரும் கதைக்க வேண்டா. அந்நாளிலும் ஒரு தொலைபேசிக்குத் திங்கள் கணக்கில் காத்துக் கிடந்தோர் உண்டு. ஆயினும், ஏன் வரவில்லை என்று கேட்டால் மறுமொழி சொல்லியாக வேண்டிய ஓர் அமைச்சர் இருந்தார். இன்று யார் இருக்கின்றார்? வீட்டுக்காரர் பணங் கட்டுவது இணையம் விற்கும் நிறுவனத்திடம். அந்நிறுவனம் ஓப்பன்ரீச்சைக் காட்டும். ஓப்பன்ரீச் மின்காரரைக் காட்டும். மின்காரர் உள்ளாட்சியைக் காட்டுவார். உள்ளாட்சியோ தனக்கு முறையான வேண்டுகையே வரவில்லை என்னும். காத்திருப்பவர் இவர்களுள் எவருக்கும் அவ்விணைப்பின் வாடிக்கையாளர் அல்லர்! மின்னிணைப்பு வேண்டியவர் பேழைக்காரர். ஆகவே காலந்தாழ்ந்ததற்கு ஏதேனும் ஈடு உண்டெனின் அதுவும் பேழைக்காரருக்கே போகும். தெருவாருக்கு ஒரு காசுமில்லை.

2019 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து, இணைப்புத் தரக் காலந்தாழ்த்தினால் வாடிக்கையாளருக்குத் தாமாகவே ஈட்டுத்தொகை தரும் ஏற்பாடு ஒன்று, ஆப்காம் என்னும் ஒழுங்காணையத்தின் மேற்பார்வையில் நடப்புக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் பேழை உயிர்பெற்றால்தானே இணைப்பு வேண்டும் என்று பதியமுடியும்? பதிந்தால்தானே காலத்தாழ்ச்சி என்று கணக்காகும்? ஒரு வீட்டுக்கு ஒருநாள் தாழ்ந்தால் ஈடு. ஒரு தெருவே ஓராண்டு காத்திருந்தால் ஒன்றுமில்லை! இதனை வகுத்தவர்களின் கூர்மையை என்னென்பது!

இது தனியார் பணம், அவர்கள் விரும்பியபோது செய்வார்கள் என்று வாயடைக்கவும் இயலாது. ஊரகப் பகுதிகளுக்கென அரசு ஒதுக்கிய 53 கோடிப் பவுன் மக்கள் வரிப்பணம். உள்ளாட்சிகளும் தம் பங்கை இட்டன. முதற்கட்ட உடன்படிக்கைகள் அனைத்தும் பி.டி. என்னும் ஒரே குழுமத்திற்கே போயின. திட்டம் ஏறத்தாழ ஈராண்டு பின்தங்கிவிட்டதென்று 2013-இல் நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது. அதற்குக் கரணியங்கள் பல. வரிப்பணத்தை வாங்கும்போது பொதுப்பணி. கேள்வி கேட்டால் வாணிக மறை! இந்த இரட்டை நாக்கைத்தான் பொறுக்க முடியவில்லை.

சொல்லிலும் அதே ஏமாற்று. பேழை வரைதான் கண்ணாடியிழை. பேழையிலிருந்து வீடு வரை பழைய செம்பு. உச்ச அளவு நொடிக்கு 80 மெகாபிட் என்பார்கள். வீடு தள்ளிப் போகப்போக அது தேய்ந்து கொண்டே போகும். இருந்தும் விற்றது 'இழை' என்ற பெயரில்! செம்பை இழையென்று விளம்பரஞ் செய்வது மக்களைக் குழப்பாது என்று 2017-இல் விளம்பரக் கண்காணிப்பாளர்கள் முடிவு கூறினர். அதனை எதிர்த்து, வீடுவரை இழை பதிக்கும் குழுமம் ஒன்று உயர் வழக்குமன்றம் போய் 2019-இல் தோற்றது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை வாணிகன் அறுத்தால் அதற்கு மன்றமும் முத்திரை குத்துகின்றது.

வீடுவரை முழு இழை வந்தால் தெருப்பேழைக்கு மின்னே வேண்டா. இடைவழியில் ஒளியைப் பிரிக்கும் உறுப்பு மின்னின்றியே இயங்கும். அதனைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாகாதா என்று கேட்டவர்களுக்குச் செலவு மிகும் என்று சொல்லப்பட்டது. இப்பொழுது அதே தெருவை மறுபடியுந் தோண்டி முழு இழை பதிக்கின்றார்கள். பழைய செம்புத் தொலைபேசி ஏற்பாட்டையோ 2027 சனவரியில் முற்றாக அணைக்கத் திட்டம். அதன்பின் வீட்டில் மின் போனால் பேச்சும் போகும். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது ஏறத்தாழ 10 இலக்கம் மனைகள் மின்னிழந்தன. அவற்றுட் சில ஒரு கிழமைக்கு மேலும் இருளில் கிடந்தன. தனியே வாழும் முதியவர் ஒருவர் அவ்வேளையில் மருத்துவரை எங்ஙனம் அழைப்பார்? ஒரு மணிநேரம் தாங்கும் மின்கலம் போதுமாம்!

பேழையை இறக்கும் முன்னரே மின்னிணைப்பு நாளை உறுதிசெய்தல் வேண்டும். அந்நாளையும், அதற்குப் பொறுப்பான குழுமத்தின் பெயரையும் பேழையின் கதவிலேயே எழுதி ஒட்டுதல் வேண்டும். நாள் தவறினால், பதிந்தவர் பதியாதவர் என்று பாராமல் அப்பேழைக்குட்பட்ட அத்தனை வீட்டாருக்கும் ஈடு தரல் வேண்டும். வரிப்பணம் பெற்ற பேழையாயின், அதற்குரிய தொகையில் ஒரு பங்கை அரசு மின் பாயும் நாள்வரை நிறுத்தி வைத்தல் வேண்டும்.