டெஸ்ட் சர்வரும் லைவ் சர்வரும் ஒரே பட்டியலில் வேண்டாம்

வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை, வெளியே மாத வாடகைக்கு எடுத்த இரண்டு விபிஎஸ் என்று வைத்திருக்கும் நண்பர்கள் இப்போது பலர் உண்டு. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லாக்-இன் செய்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுப்பாக இருக்கும் அல்லவா? அதற்கு அவர்கள் நாடும் இலவச சாப்ட்வேர்களில் முக்கியமானது ஆன்சிபிள். 2012-ல் மைக்கேல் டிஹான் வெளியிட்டது. 2015-ல் ரெட்ஹேட் நிறுவனம் வாங்கிக் கொண்டது.

எந்தெந்த கம்ப்யூட்டர்களில் வேலை நடக்க வேண்டும் என்ற பட்டியலுக்கு ஆன்சிபிளில் இன்வென்டரி என்று பெயர். இதில் கம்ப்யூட்டர்களை குரூப்களாகப் பிரிக்கலாம். போர்ட் எண், டேட்டாபேஸ் முகவரி போன்றவற்றை ஒவ்வொரு குரூப்புக்கும் வேரியபிள்களாக எழுதி வைக்கலாம். ஆரம்பிக்கும்போது பலரும் செய்வது, எல்லாவற்றையும் ஒரே இன்வென்டரியில் போடுவதுதான். வெப் என்று ஒரு குரூப், டெஸ்ட் என்று ஒரு குரூப், லைவ் என்று ஒரு குரூப். ஒரே கம்ப்யூட்டர் வெப் குரூப்பிலும் இருக்கும், டெஸ்ட் குரூப்பிலும் இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், இது ஆபத்தான பழக்கம் என்பேன்.

ஏன் என்று பார்ப்போம். டெஸ்ட் குரூப்பின் பைலில் டெஸ்ட் டேட்டாபேஸின் முகவரி சரியாகவே இருக்கிறது. வெப் குரூப்பின் பைலில் யாரோ அவசரத்தில் லைவ் டேட்டாபேஸின் முகவரியை எழுதிவிட்டார். இரண்டு குரூப்பிலும் உள்ள கம்ப்யூட்டருக்கு எது கிடைக்கும்? டெஸ்ட் முகவரிதான் என்று நினைப்போம். இல்லை! இரண்டு குரூப்களும் ஒரே மட்டத்தில் இருந்தால், ஆன்சிபிள் அவற்றை ஆங்கில அகரவரிசைப்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறது. கடைசியாக வந்ததே நிற்கும். ஆங்கிலத்தில் டெஸ்டின் முதல் எழுத்து டி, வெப்பின் முதல் எழுத்து டபிள்யூ. எனவே வெப் ஜெயிக்கும். டெஸ்ட் கம்ப்யூட்டர் லைவ் டேட்டாபேஸுடன் பேசும். எரர் மெசேஜ் எதுவும் வராது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பக்கத்து டீமுக்கு இதுதான் நடந்தது. பழைய ரெகார்டுகளை அழித்துவிட்டுத் தொடங்கும் ஒரு சோதனையை ஓட்டினார்கள். அழிந்தது வாடிக்கையாளர்களின் ரெகார்டுகள். முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் அன்றைய பில்களை மட்டும் மறுபடி கையால் ஏற்றினார்கள். குரூப்பின் பெயரை எக்ஸ்டெஸ்ட் என்று வைத்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்பது வேடிக்கைதான்.

இதற்கென்றே குரூப் ப்ரையாரிட்டி என்று ஒரு வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். எல்லா குரூப்புக்கும் இது 1 என்று இருக்கும். பெரிய எண் கொடுத்த குரூப் ஜெயிக்கும். ஆனால் இதை இன்வென்டரியில்தான் எழுத வேண்டும், குரூப்பின் வேரியபிள் போல்டரில் எழுதினால் வேலை செய்யாது. ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் கண்ணில் அந்த எண் படுமா? எது எதை வெல்லும் என்பதற்கு ஆன்சிபிள் மேனுவலில் 22 படிகள் கொண்ட பட்டியலே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்வதைவிட, அது தேவைப்படாதபடி எழுதுவதே புத்திசாலித்தனம்.

நான் சொல்வது இதுதான். டெஸ்டுக்கு ஒரு போல்டர், லைவுக்கு ஒரு போல்டர். ஒவ்வொன்றிலும் தனி இன்வென்டரி, தனி வேரியபிள் பைல்கள். கட்டளை கொடுக்கும்போது எந்த போல்டர் என்று சொல்லியே ஓட்டுங்கள். டெஸ்ட் போல்டரில் லைவ் முகவரியே இல்லாதபோது எந்த அகரவரிசையும் அதைக் கொண்டு வர முடியாது. போல்டருக்குள் வெப், டேட்டாபேஸ் என்று வேலையை வைத்து மட்டும் குரூப் பிரியுங்கள். ப்ளேபுக் பைலுக்குப் பக்கத்தில் குரூப் வேரியபிள்கள் வைக்காதீர்கள். அவை இரண்டு போல்டர்களுக்கும் பொதுவாகி, இன்வென்டரி பக்கத்தில் உள்ள குரூப் மதிப்புகளை அமுக்கிவிடும்.

எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டுமே என்ற குறை நியாயமானது. இரண்டுக்கும் பொதுவானதை ரோலின் டிபால்ட்ஸ் பைலில் வையுங்கள். அங்குள்ள மதிப்புக்கு வலிமை மிகக் குறைவு. வேறு எங்கு எழுதினாலும் அது ஒதுங்கிக் கொள்ளும். மிஞ்சுவது முகவரி, பாஸ்வேர்ட், மெமரி அளவு என்று கொஞ்சம்தான். பாஸ்வேர்ட்களை ஆன்சிபிள் வால்ட் மூலம் பூட்டுங்கள், இரண்டுக்கும் வேறு வேறு சாவி கொடுத்து. வீட்டில் மூன்றே கம்ப்யூட்டர், டெஸ்ட் என்று எதுவும் இல்லை என்பவர்களுக்கு ஒரே பைல் போதும்.

ஏற்கனவே கலந்து கிடக்கும் இன்வென்டரியைப் பிரிக்கப் போகிறவர்கள், முதலில் ஆன்சிபிள்-இன்வென்டரி கட்டளையை ஹோஸ்ட் ஆப்ஷனுடன் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓட்டி, வரும் மதிப்புகளை ஒரு பைலில் சேமியுங்கள். பிரித்த பிறகு மறுபடி ஓட்டி, இரண்டையும் டிப் கட்டளையால் ஒப்பிடுங்கள். டெஸ்ட் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸ் முகவரியில் வித்தியாசம் தெரிந்தால், அது இத்தனை நாளும் எங்கே பேசிக் கொண்டிருந்தது என்பதை உடனே விசாரியுங்கள்.