அடிக்கு அடங்காத குதிரை

சென்ற ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவிலுள்ள மாமா வீட்டில் தங்கியிருந்தோம். கிரகறி வாவிக் கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கு மாமாவிடம் இரண்டு குதிரைகள் உண்டு. அவற்றுள் செம்பழுப்பு நிறக் குதிரை அந்த வருடம் மாறிப்போயிருந்தது. சேணம் கட்டப் போனால் காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு கடிக்க வந்தது. ஆளை ஏற்றினால் நாலடி நடந்து நின்றுவிட்டது. ஒரு நாள் ஆறு வயதுப் பிள்ளையொன்றை ஏற்றியதும் முன்னங்கால்களைத் தூக்கியது. மாமா எட்டிப் பிடித்ததால் பிள்ளை தப்பியது. அன்று மாலை மாமா அதை அடித்த அடியை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்தும் அது அடங்கவில்லை. மறுநாள் மாமாவின் காலடிச் சத்தத்துக்கே பின்வாங்கியது. “இத வித்துப் போட வேண்டியதுதான்” என்றார் மாமா. “வாங்க வார ஆளுக்கிட்ட இதுட குணத்தச் சொல்லுவீங்களா மச்சான்?” என்று வாப்பா கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. குறையை மறைத்து விற்பது கூடாது என்பது அவருக்கும் தெரியும். வாங்குபவரிடமும் ஒரு சின்னப் பிள்ளை அந்தக் குதிரையில் ஏறத்தானே போகிறது?

என் கருத்து இதுதான்: நன்றாக இருந்த குதிரை முரடாகிவிட்டால் முதலில் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். அடுத்து, அதை நடத்தும் நமது கையைப் பார்க்க வேண்டும். நம்மால் முடியாவிட்டால் தெரிந்தவரை அழைக்க வெட்கப்படக் கூடாது.

உடம்பை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? வலிக்கிறது என்று குதிரையால் சொல்ல முடியாது. கடிப்பதும் உதைப்பதும் நடக்க மறுப்பதும்தான் அதன் பேச்சு. குதிரையின் பற்கள் வயது வந்த பின்னரும் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டேயிருக்கும். மெல்லும்போது அவை சமமாகத் தேயாவிட்டால் ஓரங்கள் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். அந்த வாயில் கடிவாளத்தை இழுத்தால் எப்படியிருக்கும்? பொருந்தாத சேணமும் அப்படித்தான். வெளியே காயம் தெரியாமலே முதுகை நசுக்கும்.

வாப்பாவின் வற்புறுத்தலால் வந்த மிருக வைத்தியர், மாமாவின் குதிரையிடம் இவ்விரண்டையுமே கண்டார். பற்களை அரத்தால் தேய்த்துச் சீராக்கினார். முதுகு ஆறும்வரை சேணம் வைக்க வேண்டாமென்றார்.

ஆனால் வலி போன பின்னும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு முறை கால்களைத் தூக்கியபோதும் ஏறியவரை இறக்கிவிட்டோம். ஆகவே கால்களைத் தூக்கினால் பாரம் இறங்கும் என்று அது படித்துக்கொண்டது. படிப்பித்தவர்கள் நாங்கள்தான்.

“சின்ன வயசிலிருந்து குதிரையோட இருக்கிற எனக்கு வேற ஆள் வந்து படிச்சுத் தரணுமா?” என்று மாமா முதலில் கோபித்தார். கடைசியில், குதிரைகளோடு பல வருடம் வேலை செய்த முதியவர் ஒருவரை அழைத்தார். அவர் குதிரையில் ஏறவேயில்லை. கயிற்றை மெதுவாக இழுப்பார். குதிரை ஓரடி வைத்ததும் அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்துவார். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. சில நாட்களின் பின் முதுகில் துணி மட்டும், பிறகு வார் கட்டாத சேணம், அதன் பிறகே ஆள். எதையாவது ஒன்றைச் சரியாகச் செய்ததும் அன்றைய பாடத்தை முடித்துவிடுவார். இரண்டாவது கிழமை கயிற்றை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, அவரைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

மனிதரின் உடலைக் குதிரை எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறது என்பதற்கு ஜேர்மனியின் ஹான்ஸ் என்ற குதிரை சாட்சி. கேட்ட கணக்குக்குக் குளம்பால் தட்டி அது விடை சொன்னது. கேள்வி கேட்டவர் தம்மையறியாமல் செய்த மிகச் சிறிய அசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்தியது என்பதை உளவியலாளர் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907 இல் வெளியிட்டார். அப்படியென்றால் நமது கோபமும் நடுக்கமும் அதற்குத் தெரியாமலா போகும்?

மகா அலெக்சாண்டரின் புசெபலஸ் கதையும் இதையே சொல்கிறது. யாருக்கும் அடங்காத அந்தக் குதிரை தன் நிழலுக்கே அஞ்சுகிறது என்பதைக் கண்ட சிறுவன் அலெக்சாண்டர், அதைச் சூரியனை நோக்கித் திருப்பினான் என்று புளூட்டாக் எழுதியுள்ளார். ஆயிஷா (ரழி) அவர்கள் அடங்காத ஒட்டகமொன்றில் ஏறி அதை அலைக்கழித்தபோது, மென்மையைக் கடைப்பிடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

வைத்தியருக்கும் பழக்குபவருக்கும் பணம் வேண்டும், உழைப்பும் நின்றுவிடும் என்று சொல்வார்கள். உண்மைதான். சீசன் காலத்தில் ஒரு குதிரை ஓய்வாக நின்றது மாமாவுக்குப் பெரிய நட்டம். ஆனால் ஒரு பிள்ளை விழுந்தால் வரும் நட்டத்தை எந்தச் சீசனாலும் ஈடுசெய்ய முடியாது.

பழக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் குதிரை இப்போது பெரியவர்களை ஏற்றிக்கொண்டு அமைதியாக நடக்கிறது. பிள்ளைகளை ஏற்ற மாமா இன்னும் சம்மதிப்பதில்லை. அது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நுவரெலியா சென்றால் பிள்ளையை ஏற்றுமுன் குதிரையின் காதுகளையும் முதுகையும் பாருங்கள். நேர் பின்னால் நிற்பவரை அதனால் பார்க்க முடியாது. பிள்ளைகளை அங்கே நிற்க விடாதீர்கள். காது மடிந்திருந்தால், முதுகில் புண்ணிருந்தால், ஏற்ற வேண்டாம். ஏன் ஏற்றவில்லை என்பதைக் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். வாப்பா கேட்ட ஒரு கேள்வியால்தான் எங்கள் குதிரைக்கு வைத்தியம் கிடைத்தது.